பங்களாவில் தோண்டிய தறிக்குழி

எனக்குச் சீராக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதையும் முழுசாக முடிக்கவில்லை. நடந்தது முன்னுக்குப் பின்னாக ஞாபகம் வருகிறது. சில சமயம் வராமலே போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். ஐப்பசி மழையா கார்த்திகை மழையா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவர் இருந்தவரை சண்டைதான். தீபத்துக்கு முந்தின வாரம் என்பது எனக்கு நிச்சயம், அதனால் கார்த்திகை என்றே எழுதுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர், மாமியார், இரண்டு வயது மகள், நான். பட்டு நெய்கிற குடும்பம்.

நான்கு நாள் விடாமல் பெய்ததில் எங்கள் தறிக்குழி நிரம்பிவிட்டது. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதற்காக வீட்டுத் தரையில் தோண்டிய குழி அது. அதில் தவளை நீந்துவதை என் மகள் கைதட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே தெற்குப் பக்கத்து மண்சுவர் தெருவில் சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை. வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கவில்லை, பெற்ற தாயைத் தூக்கவில்லை. தறியில் பாதி நெய்திருந்த முகூர்த்தச் சேலையைப் பாவு நூலோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஓடினார். "பட்டுக்குப் பொறந்தவன், எனுக்குப் பொறக்கல" என்று மாமியார் சாகிறவரை சொல்லிக்காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது உள்ளே நிற்கவும் இடமில்லை. பக்கத்தில் ஒரு கடையின் கூரையோரம் ஒதுங்கி நின்றோம். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அப்போது தலையில் கோணிப்பை போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். காக்கி அரைக்கால்சட்டை.

"இன்னாம்மா, கொழந்தைக்கு ஜொரமா?" என்று என்னைத்தான் கேட்டார்.

வேற்று ஆண்களுக்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. கூச்சம். சொந்த மாமனாரோடு நான் பேசியதே மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. மாமியார்தான் சொன்னார், "ஊடு உழுந்துடுச்சிபா. எங்க போறதுன்னு தெரியாம நின்னுக்கினு இருக்கறோம்."

"நம்ம பங்களா சும்மாதான் கெடக்குது. வாங்க."

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பங்களாவா? உனுதா?"

"பின்ன? முப்பது வருசமா நாந்தான பெருக்கறேன்."

ஆற்றைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற பக்கத்தில் ஒரு மேட்டில் அந்த பங்களா இருந்தது. ஏரி மதகுகளைப் பார்க்கிற வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடும்பத்தோடு இருக்கக் கட்டிக்கொண்டதாம். பிறகு சர்க்கார் அதிகாரிகள் வந்து தங்குகிற இடமானது. ஊருக்குள் கரண்டு வசதியோடு வேறு விடுதி வந்த பிறகு இங்கே யாரும் வருவதில்லை. அவர்தான் காவல்காரர், தோட்டக்காரர், சமையல்காரர் எல்லாம்.

அப்படி ஒரு வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். பச்சைப் பலகைகள் சரித்து அடித்த கதவுகள். சிவப்புச் சதுரக் கல் பாவிய தரை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் உத்தரம், அதில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். அந்தக் காலத்தில் துணி விசிறி கட்டித் தொங்கவிட்டு, வெளியே உட்கார்ந்து ஓர் ஆள் கயிறு இழுப்பாராம். "எங்க தாத்தா இழுத்த கயிறு" என்று சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். குளிக்கிற அறையில் ஒரு துத்தநாகத் தொட்டி. அதைப் பார்த்துவிட்டு மாமியார், "இதுல மாட்டுக்கு இன்னா வெப்பாங்க, பிண்ணாக்கா?" என்று கேட்டார். வராந்தாவில் கைகள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. மூன்றாம் நாளிலிருந்து மாமியார் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பின்பக்கத்து அறையை எங்களுக்குக் கொடுத்தார். பங்களாவுக்குப் பின்பக்கம் தனியாக இருந்த சமையல் கட்டில் சமைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒன்று சொன்னார்.

"தம்பி, இங்க வெளியாளு தங்கக் கூடாதுன்றது உத்தரவு. தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும். வேல போனாகூட பரவால்ல, எங்கனா தூரமா மாத்திட்டாங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்? அதோ பாரு." பங்களா மேட்டிலிருந்து பார்த்தால் புளியமரங்களுக்கு நடுவே சின்னக் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. "என் பொஞ்சாதி அங்க கெடக்கறா. தெனம் காலையில எழுந்து அந்தப் பக்கம் பார்த்தாத்தான் எனுக்குப் பல்லு வெளக்கத் தோணும். அதனால, செவுத்துல ஒரு ஆணி அடிக்காதீங்க. அவ்ளோதான்."

வீட்டுக்காரர் குழந்தையின் தலையில் கைவைத்து, சரி என்றார்.

இதற்கு நடுவில் மாமியார், காவல்காரர் எந்தத் தெரு, எந்த ஊர் என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவர் சிரித்தார். "சேரிதான் ஆயா. வேதக்கோயிலுக்குப் போறவன். ஒத்து வரலன்னா சொல்லு, மழ இன்னும் வுடல." மாமியார் எழுந்து போகவில்லை. ஆனால் அவர் கொடுத்த எதையும் இரண்டு நாள் தொடவில்லை. நானும் தொடவில்லை, அதை மறைக்க மாட்டேன். குழந்தை மட்டும் அவர் கொடுத்த மிளகுக் கஞ்சியைக் குடித்துவிட்டு வேர்த்துத் தூங்கியது. மூன்றாம் நாள் மாமியாருக்கும் ஜுரம் வந்தது. தானே தம்ளரை எடுத்துக்கொண்டு போய், "அந்தக் கஞ்சி இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். அதற்கப்புறம் உப்பு பத்தவில்லை, மிளகு அதிகம் என்று சொல்வதற்கெல்லாம் குறைவே இல்லை.

மழை விட்டது. ஆனால் சுவர் மறுபடி வைக்க மண் காய வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ஊருக்குள் போய், யார் வீட்டிலாவது தறி காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார். எல்லார் குழியிலும் தண்ணீர். அந்தச் சேலை தை மாசம் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்போது அவள் உடுத்த வேண்டிய சேலை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. நாள் ஆக ஆக ஈரக்காற்றில் ஜரிகை கறுத்துவிடுமோ என்று அவர் தினம் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்.

அப்போதுதான் கிறிஸ்துமஸ் வந்தது. காவல்காரர் வாலாஜாபாத் பக்கம் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் போனார். சாவிக்கொத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "பார்த்துக்கோ தம்பி, இனிமே நீதான் தொர" என்று சிரித்துவிட்டு சைக்கிள் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் பெரிய கூடத்தின் நடுவில் போய் நின்றார். அண்ணாந்து கொக்கிகளைப் பார்த்தார். வடக்கு ஜன்னலைப் பார்த்தார். காலால் தரையில் அளந்தார்.

"இந்தா, இங்க வா. வெளிச்சம் பார்த்தியா, எப்பிடி விழுது? கொக்கி பாரு, விழுது கட்டித் தொங்கவுட அளவெடுத்து வெச்சா மாதிரி இருக்குது. தொர இத்த விசிறிக்குக் கட்டல. தறிக்குன்னே கட்டியிருக்கறான்." விழுது என்று அவர் சொன்னது, பாவு இழைகளை மேலும் கீழும் தூக்கிவிடுகிற நூல் கண்ணிகளை.

"வேணாங்க. ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஆணி எதுக்கு? ஒரு ஆணி அடிக்கமாட்டேன்" என்றார். கடப்பாரை எடுத்து வந்தார்.

மற்றவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் நெய்கிறவர்களுக்குத் தரை என்றால் குழி. குழியில்லாத வீட்டில் எங்களுக்குக் காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. முடிந்ததும் மூடிவிடலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் அவர் உண்மையாகவே நினைத்தார். நானும் ஒரு பேச்சுக்குத் தடுத்தேனே தவிர, அவர் கல்லைப் பெயர்க்கப் பெயர்க்க, கரியால் ஒன்று, இரண்டு என்று கல்லின் மேல் எண் போட்டு வராந்தாவில் அடுக்கினேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டுமே. மொத்தம் பதினாலு கல். எண் அழகாக இருந்தது என்று எனக்குள் ஒரு பெருமை கூட.

எங்கள் வீட்டில் கிடந்த தறிச் சட்டத்தையும் மிதிகட்டையையும் தூக்கி வந்து பூட்டினோம். நான்காம் நாள் காவல்காரர் திரும்பி வந்தபோது நாங்கள் குழியில் இருந்தோம். எங்கள் சேலைக்கு உடம்பு வேறு நிறம், கரை வேறு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் உடம்புக்கு நாடா, அதாவது ஊடைநூல் வைத்த கட்டை, போடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவேன். அப்படி உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

அவர் கூடத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கொக்கியில் தொங்கிய கயிறுகளைப் பார்த்தார். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் கேட்டார், "எவ்ளோ ஆழம்?"

"முட்டிக்கு மேல, இடுப்புக்குக் கீழ" என்றார் வீட்டுக்காரர்.

"பத்தாது. இன்னும் கொஞ்சம் தோண்டி என்னைய படுக்கவெச்சி மூடிடு. ரெண்டு பேருக்கும் வேல முடிஞ்சிடும்."

வீட்டுக்காரர் எழுந்து அவர் காலில் விழப் போனார். அவர் காலை இழுத்துக்கொண்டார். "உழாத, உழாத. ஆணி அடிக்காதன்னு சொன்னேன், குழி தோண்டாதன்னு சொன்னனா? என் தப்பு. இன்னும் எத்தினி முழம் கெடக்குது?"

"அஞ்சு முழம்."

"எத்தினி நாளு?"

"ஏழு நாளு, அண்ணே."

"ஏழு நாளு மூச்சு வுடாம நெய்யி. முடிச்சிட்டு மூடு. அதுவரைக்கும் எவனும் வராம இருக்கணும்னு நான் மண்டி போடறேன்." பொட்டலத்தைப் பிரித்து என் மகளிடம் நீட்டினார்.

அந்த ஏழு நாளும் அவர் வாசலிலேயே காவல் இருந்தார். நடுநடுவே வந்து சேலையைப் பார்ப்பார். "இந்த மாங்கா எப்பிடிப்பா நூலுக்குள்ள போய் உக்காந்துச்சி?" என்று கேட்பார். எட்டாம் நாள் காலையில் சேலையை அறுத்தெடுத்தோம். வீட்டுக்காரர் அதைக் கடையில் சேர்த்துவிட்டு வந்த அன்றே குழியை மூடினார். மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து, பதினாலு கல்லையும் எண் பார்த்துப் பதித்தோம். பார்வைக்குச் சரியாக இருந்தது. மண் நன்றாக இறுகிய பிறகு மறுபடி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் பூசிக்கொள்ளலாம் என்று அதன் மேல் ஒரு கோரைப்பாயை விரித்து, மேஜை நாற்காலியைப் போட்டு வைத்தார்கள். கரி எண்ணைக் கழுவ வேண்டும் என்று நான் நினைத்தேன். பாய்தான் போட்டாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும், ஜீப் சத்தம் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். காவல்காரர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாங்கள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு சமையல் கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். வீட்டுக்காரர் மட்டும் சுவர் வேலைக்காகப் பிள்ளையார்பாளையம் போயிருந்தார்.

உள்ளே நடந்தது எனக்குக் காவல்காரர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அதிகாரி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டாராம். காபியை வாங்கிக்கொண்டு சாய்ந்ததும் நாற்காலியின் ஒரு கால் தரைக்குள் இறங்கியது. சட்டையெல்லாம் காபி. எழுந்து பாயைத் தூக்கியிருக்கிறார்.

"இது என்னய்யா?"

"பெருச்சாளி, தொர. கொடஞ்சிடுச்சி."

அதிகாரி குனிந்து பார்த்தார். "பெருச்சாளி நம்பர் போடுமாய்யா?"

எங்களுக்குக் கேட்டது இதற்கப்புறம் அதிகாரி போட்ட சத்தம்தான். சமையல் கட்டு வரை அதிர்ந்தது. சர்க்கார் சொத்து, முப்பது வருஷ சர்வீஸ், அறிவிருக்கா, என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. மாமியார் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று சத்தம் நின்றுபோனது. ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார், எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த எண் நான் போட்டது. என் எழுத்துக்காகக் காவல்காரர் நிற்கிறார். மாமியார், "எங்கடி போற, உக்காரு" என்று முந்தானையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். என் வாழ்க்கையில் கூப்பிடாமல் ஓர் ஆண் முன்னால் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

"ஐயா, அவர் மேல தப்பு இல்ல. நாங்கதான் தோண்டனோம். நம்பரு நான்தான் போட்டேன்."

அதிகாரி திரும்பினார். "நீ யாரும்மா?"

"நெசவுக்காரங்க ஐயா. இங்கதான் இருக்கறோம்."

காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். ஆனால் அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

"இங்கேயா? எவ்வளவு நாளா?"

"மழையிலேர்ந்து ஐயா. நாப்பத்திரெண்டு நாளு." நாள் கணக்கு தவறாமல் சொன்னேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. வீடு விழுந்ததைக் கேட்டார், குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அதுவரை சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அன்று பேசினேன். பிறகு அவர் தங்குகிறவர்கள் பெயர் எழுதும் பெரிய புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். தோல் அட்டை போட்ட புத்தகம். முன் பக்கங்களில் வெள்ளைக்காரர்களின் சாய்ந்த எழுத்து, அப்புறம் நம் அதிகாரிகளின் கையெழுத்து. "எழுதத் தெரியுமா?" என்று கேட்டு, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். பெயர், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, வந்த காரியம் என்று கட்டம் போட்டிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வந்த காரியம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நீ எதுக்கு வந்தியோ அதை எழுது" என்றார். 'வீடு விழுந்தது. சேலை முடிக்க' என்று குண்டு குண்டாக எழுதினேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. துரைகள் எழுதிய புத்தகத்தில் என் கையெழுத்து. எங்களையும் தங்க வந்தவர்களாக மதித்து எழுதச் சொல்கிறார், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜீப் போன பிறகு காவல்காரர் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"ஏம்மா, ஒண்ணர மாசமா வாயே தொறக்கல நீ. இன்னிக்குதான் தொறக்கணுமா?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சத்தம் போட்டு முடித்த அதிகாரியிடம் இவர், பெருச்சாளி வளையை அடைக்க நான்தான் கல்லைப் பெயர்த்தேன், எண்ணும் நான்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதிகாரியும், ஒரு வாரத்தில் சுண்ணாம்பு போட்டுச் சரியாக்கு என்று சொல்லிவிட்டு, சட்டையில் இருந்த காபியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அதுதான் எனக்குக் கேட்ட அமைதி. அதோடு முடிந்திருக்க வேண்டியது. தரை கெட்டது சின்னத் தப்பு. அனுமதி இல்லாமல் ஆட்களை வைத்தது பெரிய தப்பு. அதற்குச் சாட்சி என்ன? நானே தேதி போட்டு எழுதிக் கொடுத்த பக்கம்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஊமச்சி, ஊமச்சின்னு இருந்தேன், இப்பிடி ஊரக் கெடுக்கறதுக்கா பேசக் கத்துக்கின?" காவல்காரர்தான் அவரை அடக்கினார். "வுடு ஆயா. எனுக்காவத்தான் வந்தது அந்தப் பொண்ணு. என் பொஞ்சாதிக்கப்பறம் எனுக்காவ எவ வந்து நின்னா?"

வேலையிலிருந்து எடுக்கவில்லை. முப்பது வருஷத்தைப் பார்த்து அந்த மட்டும் விட்டார்கள். ஆனால் பொங்கலுக்கு முன்பே உத்தரவு வந்தது. தூரத்தில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் ஏரிக்கரைப் பங்களாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது.

போகிறதற்கு முன் இருந்த சில நாளில் வீட்டுக்காரர் அந்தக் கூடத்துத் தரையைத் தானே மறுபடி தோண்டி, ஜல்லி போட்டு, கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்து, கல்லைப் பதித்தார். நான் கல்லில் இருந்த கரி எண்களைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கடைசி நாள் காலையில் காவல்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தார். தகரப் பெட்டியை சைக்கிளில் கட்டினார். என் மகள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். "அத்தயும் கட்டி எடுத்துக்கினு போயிடட்டா?" என்று கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடி பழைய ஊமையாகிவிட்டேன். அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது, அங்கே என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியாது. புல்லைப் பிடுங்கிவிட்டு, ஒரு முழம் கனகாம்பரம் வைத்துவிட்டு வருவேன். மாமியாருக்குத் தெரியும், கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர் அவரைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புல் பிடுங்குவதைச் சொன்னாராம். அவர், "கனகாம்பரம் அவளுக்குப் புடிக்காது, மல்லி வெக்கச் சொல்லு" என்றாராம். அன்றிலிருந்து மல்லி வைத்தேன். அதற்கு அடுத்த வருஷம் போனபோது அவர் அங்கே இல்லை. ஓய்வு பெற்று அக்கா ஊருக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார், இறந்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார்.

உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அன்று நான் சொன்னதும் உண்மைதான். அதில் என் மனசு லேசானது, பாரத்தை வேறொருவர் தூக்கிக்கொண்டு போனார். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று பாதி நாள் நினைக்கிறேன். ஆனால், எனுக்காவ எவ வந்து நின்னா என்று அவர் கேட்டது ஞாபகம் வரும்போது அப்படி நினைக்க முடிவதில்லை. இந்த இரண்டில் எது சரி என்று இத்தனை வயசுக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒருவருக்காகப் பேசப் போகும்போது, அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் விளங்கியிருக்கிறது.

அந்த பங்களா இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. வருஷம், தேதி, அதிகாரி எந்த இலாகா என்பதெல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். அந்தப் பெரிய புத்தகம் எந்த ஆபீசிலாவது கிடக்கும். யாராவது பார்க்க முடிந்தால், நான் சொன்னது சரிதானா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். வந்த காரியத்தை எழுத அதில் கட்டம் இருந்தது. எங்களை மழையில் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தவரை எழுதக் கட்டம் இல்லை. அதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் புண்ணியமாகப் போகும்.